கணினிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது நம்மவர் வழக்கம். வீடு கட்டு முன் நிலத்தைப் பார்க்கிறோம். மாடு வாங்கு முன் சுழியைப் பார்க்கிறோம். ஆனால், கணினி என்னும் விலையுயர்ந்த கருவியைப் பெறும்போது மட்டும், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறோம். ஒரு கணினியும் அதன் துணைக்கருவிகளும் கட்டற்ற பணிசெயல் முறைமை ஒன்றோடு ஒத்துழைக்குமா என்பதை முன்கூட்டியே சோதித்தறிவது எவ்வாறு? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இக்கேள்வி இப்பொழுது எழுவதற்குத் தக்க காரணம் உண்டு. உலகெங்கும் பெருவழக்கில் இருந்த விண்டோஸ் 10 என்னும் முறைமைக்கு, அதனை வெளியிட்ட மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வழங்கி வந்த வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆம் திகதியோடு முடிவடைந்தது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. அம்முறைமை ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையையோ அதற்குப் பிந்திய தலைமுறையையோ வேண்டி நிற்கிறது. அந்த 8ஆம் தலைமுறை 2017ஆம் ஆண்டில் வந்தது. ஆகவே, அதற்கு முன் வாங்கிய கணினிகளுள் பெரும்பாலானவை, விசைப்பலகையும் திரையும் பழுதின்றி இருந்தபோதிலும், புதிய முறைமையின் வாயிலில் நிறுத்தப்பட்டுவிட்டன.

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, லுணுகலை முதலிய பகுதிகளில் தோட்டப் பாடசாலைகளிலும் லயங்களில் உள்ள வீடுகளிலும் இருக்கும் கணினிகள் எத்தகையவை? கொழும்பில் ஓர் அலுவலகம் பயன்படுத்திக் கழித்தவை பல. நலன்விரும்பிகள் அன்பளிப்பாய்க் கொடுத்தவை பல. பழைய பொருட் கடையில் பேரம்பேசி வாங்கியவை பல. இவற்றை எறிந்துவிட்டுப் புதியன வாங்குங்கள் என்று உபதேசிப்பது எளிது. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்ப்போர் அவ்வுபதேசத்தைச் செய்யத் தயங்குவர். அக்கணினிகளுக்கு மற்றொரு வழி உண்டு. அதுவே கட்டற்ற பணிசெயல் முறைமை.

பணிசெயல் முறைமை என்பது கணினியின் உறுப்புகள் யாவற்றையும் மேய்த்து நடத்தும் தலைமை மென்பொருள். அதனைக் கட்டற்றது என்பதன் கருத்து, விலையில்லாதது என்பது மட்டுமன்று. யாவரும் பயன்படுத்தலாம்; உட்கூற்றைப் படிக்கலாம்; திருத்தலாம்; பிறருக்குப் பிரதி கொடுக்கலாம் என்னும் உரிமைகளே அதன் உயிர்நிலை. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டு செப்டெம்பரில் க்னூ என்னும் திட்டத்தை அறிவித்தார். பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு ஓகஸ்டில் லினக்ஸ் என்னும் கருவை அறிவித்தார். இவ்விரண்டின் சேர்க்கையிலிருந்து உபுண்டு, டெபியன், ஃபெடோரா, லினக்ஸ் மின்ட் முதலிய வெளியீடுகள் கிளைத்தன. நமக்கு அண்மையிலும் இம்முயற்சி இல்லாமற் போகவில்லை. சென்னையில் உள்ள சீ-டாக் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் பாஸ் லினக்ஸ் என்பதை வெளியிட்டது. இலங்கையர் ஃபெடோராவைத் தழுவி ஆக்கிய வெளியீடு ஒன்று, கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கியது.

விலையின்றிக் கிடைக்கிறது, பழைய கணினியிலும் ஓடுகிறது என்றால், உடனே நிறுவிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். இங்கேதான் பொருத்தம் குறுக்கிடுகிறது.

நம் மலைநாட்டுப் புகையிரதப் பாதையிலிருந்தே இதற்கு உவமை காட்டலாம். 1924ஆம் ஆண்டில் பதுளையை அடைந்த பாதை, 5 அடி 6 அங்குல அகலப் பாதை. அதே பாதையில் உள்ள நானுஓயாவிலிருந்து இராகலைக்கு ஒரு காலத்தில் ஓடிய பாதையோ 2 அடி 6 அங்குல ஒடுங்கிய பாதை. இரண்டும் இரும்புத் தண்டவாளமே. இரண்டிலும் ஓடியது நீராவி எந்திரமே. எனினும், ஒன்றின் எந்திரம் மற்றொன்றில் ஓடாது. நானுஓயாவில் சரக்கை இறக்கி மாற்றி ஏற்றவேண்டும். கணினியின் வன்பொருளும் பணிசெயல் முறைமையும் இத்தகையன. இரண்டுக்கும் இடையே நின்று, ஒன்றன் மொழியை மற்றொன்றுக்கு மாற்றிக் கொடுக்கும் சிறு மென்பொருள் வேண்டும். அதற்குச் செலுத்தி, அதாவது டிரைவர், என்று பெயர். ஒலிக்கு ஒரு செலுத்தி, படத்துக்கு ஒரு செலுத்தி, கம்பியில்லா இணைப்புக்கு ஒரு செலுத்தி என ஒவ்வோர் உறுப்புக்கும் ஒன்று இருத்தல் வேண்டும். அது இல்லையெனில் உறுப்பு நலமாயிருந்தும் ஊமையாய்க் கிடக்கும்.

விண்டோஸுக்கு வேண்டிய செலுத்தியை உறுப்பைச் செய்த நிறுவனமே பெரும்பாலும் எழுதிக் கொடுக்கிறது. லினக்ஸுக்கோ, சில நிறுவனங்கள் எழுதித் தருகின்றன. சில நிறுவனங்கள் உறுப்பின் இயல்பை விளக்கும் ஆவணங்களையேனும் தருகின்றன. சில இரண்டையும் தருவதில்லை. ஒன்றும் தராதவிடத்துத் தொண்டர்கள் அவ்வுறுப்பின் நடத்தையைக் கூர்ந்து நோக்கி, உள்ளே நடப்பதை ஊகித்து, பல மாதம் உழைத்துச் செலுத்தியை எழுதவேண்டியதாகிறது. புரோட்கொம் என்னும் நிறுவனத்தின் வை-ஃபை சில்லுகளுக்கு முதலில் இவ்வாறே வழி கண்டார்கள். அந்நிறுவனம் தானாக முன்வந்து தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த செலுத்தியை வெளியிட்டது 2010ஆம் ஆண்டிலேதான்.

இச்சிக்கல் கட்டற்ற மென்பொருளோடு உடன்பிறந்தது என்றே கூறலாம். 1980ஆம் ஆண்டளவில் எம்.ஐ.ரி. என்னும் அமெரிக்கக் கல்வி நிலையத்தின் ஆய்வுகூடத்துக்கு செரொக்ஸ் நிறுவனத்தின் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கினால் அறிவிக்கும் வசதியை முந்திய பொறியில் அங்குள்ளோர் தாமே அமைத்திருந்தனர். புதிய பொறியின் மென்பொருள் மூடிவைக்கப்பட்டிருந்தமையால் அவ்வாறு செய்ய இயலவில்லை. ஸ்டால்மன் தம் இயக்கத்துக்கு வித்திட்ட நிகழ்ச்சிகளுள் ஒன்றாக அதனைப் பின்னர் எடுத்துரைத்தார். டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட முதல் அறிவித்தலிலும், தம்மிடம் இருந்த 386 வகைக் கணினியையும் அதன் வன்தட்டையும் அன்றி வேறெதிலும் தம் முறைமை ஓடாமற் போகலாம் என்னும் எச்சரிக்கை இருந்தது. இன்று கைத்தொலைபேசி முதல் பேரியற் கணினி வரை லினக்ஸ் ஓடுகிறது. அது பிறந்த 386 செயலிக்குரிய ஆதரவோ 2013ஆம் ஆண்டில் வெளியான பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது. ஆகவே, பொருத்தம் என்பது ஒருமுறை எழுதிவைத்துவிடும் சாசனம் அன்று; பதிப்புக்குப் பதிப்பு மாறுவது.

இனி, இன்றைய பேச்சில் நீங்கள் மனத்திற் கொள்ளவேண்டிய தலையாய விதிக்கு வருவோம். பெட்டியின் பெயரை நம்பாதீர்கள்; உள்ளிருக்கும் சில்லின் எண்ணைப் பாருங்கள்.

ஊவாத் தேயிலையை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசுங் காலத்தில் எடுத்த கொழுந்தின் மணம், மழைக்காலக் கொழுந்துக்கு வாராது. பெட்டியின் மேல் அதே தோட்டத்தின் பெயரும் அதே தரக்குறியும் இருக்கலாம். சுவை பார்ப்போர் குறியைப் படித்து விலை மதிப்பதில்லை. கிண்ணத்தில் ஊற்றிச் சுவைத்தே மதிக்கிறார்கள்.

இதற்கு மெய்யான எடுத்துக்காட்டு ஒன்றைக் கூறுவேன். ரிபி-லிங்க் நிறுவனம் விற்ற சிறு வை-ஃபை கருவி ஒன்றின் பெயர் ரி.எல்.-டபிள்யூ.என்.722என். அதன் முதற் பதிப்பின் உள்ளே அதெரோஸ் நிறுவனத்தின் ஏஆர்9271 என்னும் சில்லு இருந்தது. லினக்ஸுக்கு மிக இணக்கமான சில்லு அது. அதன் உள்நிலைபொருள்கூடத் திறந்து வெளியிடப்பட்டது. செருகிய மாத்திரத்தில் வேலை செய்யும் என்று பலரும் புகழ்ந்தார்கள். அப்புகழைக் கேட்டு அதே பெயருடைய கருவியைப் பின்னர் வாங்கியவர்கள் வியப்படைய நேர்ந்தது. ஏனெனில், இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே இருந்தது ரியல்ரெக் நிறுவனத்தின் வேறொரு சில்லு. பெயர் ஒன்று, வடிவம் ஒன்று, உள்ளம் வேறு! புதிய சில்லுக்கு வேறு செலுத்தி வேண்டும். அச்செலுத்தியின் தரமும் லினக்ஸ் கருவின் பதிப்புக்கேற்ப வேறுபட்டு வந்தது. பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த பதிப்பெண் ஒன்றே கடையில் நிற்பவருக்குத் துணையாயிருந்தது. அதனைப் பாராமல் வாங்கியவர் ஒரு நாட்கூலியையோ அதற்கு மேலோ வீணாக்கியிருப்பார்.

சில்லின் எண்ணை அறிவது எவ்வாறு? கணினியில் இப்பொழுது விண்டோஸ் இருக்குமாயின், டிவைஸ் மனேஜர் என்னும் பகுதியைத் திறவுங்கள். வேண்டிய உறுப்பைத் தெரிந்து, அதன் பண்புகளுள் விவரங்கள் என்னும் ஏட்டில் ஹாட்வெயர் ஐடி என்பதைப் பாருங்கள். அங்கே உற்பத்தியாளருக்கு ஓர் எண்ணும் பொருளுக்கு ஓர் எண்ணும் இருக்கும். லினக்ஸிலாயின், கட்டளைத் திரையில் 'எல், எஸ், யூ, எஸ், பி' என்னும் ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இடைவெளியின்றித் தட்டினால், யூ.எஸ்.பி. வழியாகச் செருகிய கருவிகள் யாவும் தத்தம் எண்ணோடு வரிசையாய் நிற்கும். 'எல், எஸ், பி, சி, ஐ' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு ஒன்றும் 'என், என்' என்னும் இரு எழுத்துகளும் சேர்த்தால், தாய்ப்பலகையோடு இணைந்த உறுப்புகளின் எண்கள் தோன்றும். சற்று முன் கூறிய முதற் பதிப்புக் கருவியைச் செருகிப் பார்ப்பவருக்குப் பொருளெண் 9271 என்று தெரியும். இரண்டாம் பதிப்பினை வைத்திருப்பவருக்கு 2357 என்னும் வேறொரு உற்பத்தியாளர் எண் தோன்றும். சாதகத்தில் இராசியும் நட்சத்திரமும் போல, இவ்விரு எண்களே கருவியின் உண்மையான அடையாளம். இணையத்தில் தேடும்போதும் பிறரிடம் உதவி கேட்கும்போதும் இவ்வெண்களையே கூறவேண்டும்.

எல்லா உறுப்புகளும் சமமாய்த் தொல்லை தருவதில்லை. விசைப்பலகை, சுட்டி, வன்தட்டு, கம்பிவழி வலையிணைப்பு ஆகியவை பற்றிப் பெரும்பாலும் கவலை வேண்டியதில்லை. முதலில் ஐயுறவேண்டியது வை-ஃபை. இன்டெல், அதெரோஸ் சில்லுகள் பொதுவாக இணங்கிப்போவன. புரோட்கொம், ரியல்ரெக் சில்லுகளை எண் பார்த்தே ஏற்கவேண்டும். சில சில்லுகளுக்குச் செலுத்தியோடு, நிலைபொருள் என்னும் மற்றொரு கோப்பும் வேண்டும். அது கட்டற்றதன்று என்னும் கொள்கை காரணமாக, டெபியன் வெளியீட்டார் தம் நிறுவல் வட்டில் நெடுங்காலம் அதனைச் சேர்க்கவில்லை. வை-ஃபை அன்றி வேறு இணைப்பு இல்லாதவர், இணைப்புக்கு வேண்டிய கோப்பைப் பெறுவதற்கே இணைப்பு வேண்டும் என்னும் இக்கட்டில் அகப்பட்டார். 2022ஆம் ஆண்டில் உறுப்பினர் வாக்களித்துத் தீர்மானித்தபின், 2023 யூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் அக்கோப்புகள் நிறுவல் வட்டிலேயே இடம்பெற்றன.

மலைநாட்டில் நாம் கருதவேண்டிய மற்றொரு கருவி டொங்கிள். தொலைபேசிக் கம்பி எட்டாத தோட்டங்களில் கைத்தொலைபேசி வலையமைப்பே இணையத்துக்கு வாயில். ஹுவாவே நிறுவனத்தின் இ220, இ173 போன்ற பழைய டொங்கிள்கள் ஒரு வேடிக்கை செய்வன. செருகியவுடன் தாம் ஓர் இறுவட்டு என்று வேடமிட்டு, விண்டோஸுக்குரிய செலுத்தியைக் காட்டும். அதன் பின்னரே தம் மெய்யுருவை எடுக்கும். லினக்ஸில் அவ்வேடத்தைக் கலைப்பதற்கு யூ.எஸ்.பி. மோட்சுவிட்ச் என்னும் சிறு மென்பொருள் உண்டு. அது முன்பே நிறுவப்பட்டிருக்கிறதா என்று இணைப்பு உள்ள இடத்திலேயே பார்த்துவைத்துக்கொள்ளல் நன்று. தோட்டத்துக்கு ஏறியபின் அதனை இறக்க முயன்றால் கையில் இணைப்பு இராது.

அச்சுப்பொறி மூன்றாவது. பாடசாலைக்கு வினாத்தாள் அச்சிடுவது இன்றியமையாத வேலை. எச்.பி. நிறுவனம் தன் பொறிகள் பலவற்றுக்குத் தானே லினக்ஸ் செலுத்தியை வெளியிட்டிருக்கிறது. எனினும், அதே நிறுவனத்தின் லேசர்ஜெட் 1020 போன்ற சில, மின்சாரம் கொடுக்குந்தோறும் நிலைபொருளைக் கணினியிலிருந்து ஊட்டினாலன்றி விழித்தெழா. கெனன் எல்.பி.பி.2900 என்னும் பொறியும் நம் நாட்டு அலுவலகங்களில் மிகுதியாய்க் காணப்படுவது; அது கெனனுக்கே உரிய தனி மொழியைப் பேசுவது; அதற்கெனத் தனிச் செலுத்தி நிறுவவேண்டும்; அது எளிதாய் அமைவதன்று. விரலடையாளம் பார்க்கும் கருவி, என்விடியா படச்சில்லு ஆகியவற்றையும் ஐயப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செயலியின் வகையும் பார்க்கத்தக்கது. பழைய செயலிகள் 32 பிட். பிந்தியவை 64 பிட். உபுண்டு 2017ஆம் ஆண்டு ஒக்டோபர் வெளியீட்டிலிருந்து 32 பிட் கணினிக்கான நிறுவல் வட்டை நிறுத்தியது. டெபியன் 2025 ஓகஸ்டில் வந்த 13ஆம் பதிப்போடு நிறுத்தியது. 2006இல் வந்த இன்டெல் கோர் 2 முதலாய செயலிகள் பெரும்பாலும் 64 பிட். அக்காலத்துச் சிறு மடிக்கணினிகளில் இருந்த அட்டம் என்270 போன்றவை 32 பிட். நினைவகம் 4 கிகாபைட் இருந்தால் வழக்கமான வெளியீடுகள் ஓடும். 2 கிகாபைட் மட்டுமே இருப்பின் எல்.எக்ஸ்.கியூ.ரி., எக்ஸ்.எஃப்.சி.ஈ. முதலிய இலகுவான திரையமைப்புள்ள வெளியீட்டைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

எண்ணைப் பார்த்தபின் செய்யவேண்டியது நேரடிச் சோதனை. லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றை வன்தட்டில் நிறுவாமலே, 8 கிகாபைட் பென்ட்ரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வேறு முறைமைகளில் எளிதிற் காண முடியாத வசதி இது. முதலில் வேண்டிய கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வட்டு பிட்லொக்கர் முறையால் பூட்டப்பட்டிருப்பின் அதன் மீட்புத் திறவுகோலையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னர்ப் பென்ட்ரைவிலிருந்து கணினியைத் தொடக்கி, நிறுவு என்பதைத் தொடாமல், முயன்று பார் என்பதையே தெரிவு செய்யுங்கள்.

முறைமை எழுந்தபின் நிதானமாய் ஒவ்வொன்றாய்ப் பாருங்கள். திரை முழு அளவில் தெளிவாய் இருக்கிறதா? ஒலி வருகிறதா? ஒலிவாங்கி உங்கள் குரலைப் பதிகிறதா? கமரா உருவத்தைக் காட்டுகிறதா? வை-ஃபை அயலிலுள்ள வலைகளைக் கண்டு, அரை மணி நேரம் அறுபடாமல் நிற்கிறதா? அச்சுப்பொறி ஒரு பக்கத்தைத் தருகிறதா? மடிக்கணினியின் மூடியைச் சாத்தித் திறந்தால் தூக்கத்திலிருந்து விழிக்கிறதா? பலரும் மறந்துவிடும் சோதனை இக்கடைசிச் சோதனையே. அவற்றோடு, தமிழ் எழுத முடிகிறதா என்றும் பாருங்கள். இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகை முறையும், தமிழகத்தின் தமிழ்99 முறையும் லினக்ஸில் கிடைக்கின்றன. இவை யாவும் தேறினால் நிறுவலாம். ஒன்று தவறினால், கணினியை அணைத்துப் பென்ட்ரைவைக் கழற்றிவிடுங்கள். பழைய முறைமை பழையபடியே இருக்கும்.

இவ்வளவு செய்தும் பொருந்தாத இடங்கள் உண்டு. அலுவலகம் ஒன்று விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளையோ கருவியையோ நம்பியிருக்குமாயின், அக்கணினியை மாற்றுதல் அறிவுடைமை ஆகாது. பொருந்தாததைப் பொருந்தாது என்று அறிவதும் சோதனையின் பயனே. வை-ஃபை மட்டும் இணங்காத கணினிக்கு, எண் பார்த்து வாங்கிய ஒரு சிறு கருவி போதும். கணினி முழுவதையும் கைவிடவேண்டியதில்லை.

இறுதியாக ஒன்று. நீங்கள் கண்டதை எழுதிவையுங்கள். எந்தக் கருவி லினக்ஸோடு இயங்கும் என்று கூறும் பட்டியல்கள் இணையத்தில் உள்ளன. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தாரின் எச்-நோட் ஒன்று. பல்லாயிரம் கணினிகளின் சோதனை முடிவுகளைத் திரட்டும் லினக்ஸ் ஹாட்வெயர் என்னும் தளம் மற்றொன்று. இவற்றுள் பெரும்பகுதியை எழுதியவர்கள், தம் மேசையில் இருந்த ஒரு கணினியைச் சோதித்து, கண்டதைக் கண்டவாறு பதிந்த சாதாரண மக்களே. நம் பகுதியிலும் இது நடத்தல் கூடும். ஒரு பாடசாலையில் கணினியின் பெயர், செயலி, நினைவகம், வை-ஃபை சில்லின் எண், அச்சுப்பொறியின் பெயர், இயங்கியது, இயங்காதது, வெளியீட்டின் பெயர், பதிப்பு, திகதி என ஒரு பக்கம் எழுதிவைத்தால், அது அப்பாடசாலைக்கு ஆவணம். அப்பக்கத்தின் பிரதி பசறையிலிருந்து லுணுகலைக்கும், தெமோதரையிலிருந்து அப்புத்தளைக்கும் போகுமாயின், அதே வகைக் கணினியை வைத்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு துணிய வேண்டியதில்லை. பழுதுபார்ப்பவரைத் தேடிக் கணினியைப் பேருந்தில் ஏற்றிப் பதுளை நகருக்குச் சுமந்துசென்று, ஒரு நாள் வேலையை இழந்து திரும்பும் பெற்றோருக்கு அந்த ஒரு பக்கம் எவ்வளவு பெரிய உதவி!

ஆகவே நேயர்களே, கணினி ஒன்று உங்கள் வீட்டுக்கோ பாடசாலைக்கோ வரும்பொழுது, பெயரைக் கடந்து எண்ணைப் பாருங்கள். நிறுவு முன் ஓட்டிப் பாருங்கள். கண்டதை ஏட்டிற் பதியுங்கள். பழையது என்று ஒதுக்கப்பட்ட கணினிகளுட் பல, இன்னும் சில ஆண்டுகளேனும் நம் பிள்ளைகளின் கல்விக்குத் துணைநிற்கும் தகுதியுடையன. அத்தகுதி எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று அறிவதற்கு வேண்டுவது ஒரு பென்ட்ரைவும், ஒரு மணி நேரப் பொறுமையுமே.